கோட்டுக்கு ஓர் ஆணி

பாரிஸின் லா சப்பலில் சின்ன வயதைக் கழித்தவர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். குளிரை வெளியே நிறுத்தி வைக்க உங்கள் வீட்டில் என்னென்ன செய்தார்கள்? பழைய சாரத்தைக் கிழித்து ஜன்னல் இடுக்கில் திணித்தார்களா? கதவுக்கு அடியில் சேலையைச் சுருட்டி வைத்தார்களா? எங்கள் வீட்டில் இவை எல்லாம் நடந்தன. இவற்றுக்கு மேலும் சில நடந்தன. அவற்றைத்தான் எழுதப் போகிறேன்.

நான் நாலு பேர் முன்னால் கதைக்கிற ஆள் இல்லை. கலியாண மண்டபத்தில் கடைசி வரிசைக் கதிரை கிடைத்தால் அதுவே எனக்குப் பெரிய உபசாரம். ஆனால் ஒக்தோபர் வந்து, மெத்ரோப் பாலத்துக்குக் கீழே காய்ந்த இலைகள் சுழன்று ஓடத் தொடங்கினால் எனக்குள் ஏதோ துள்ளும். இந்த வயதிலும் துள்ளுகிறது. கையில் இலை கூட்டும் வாரி ஒன்றைக் கொடுத்தால் யாருடைய முற்றத்தையும் கூட்டிக் கொடுத்துவிடுவேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அதுவரை பாரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் இருந்தோம். ஒரே அறை. நடுவில் ஒரு திரைச்சீலை, அதில் பச்சைக் கிளிகள். கிளிகளுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர். அந்தப் பக்கம் யாராவது தூங்கிக்கொண்டே இருப்பார்கள். இரவு வேலைக்குப் போகிறவர்கள் பகலில், பகல் வேலைக்குப் போகிறவர்கள் இரவில். ஆகவே நான் எந்த நேரமும் காற்றைப் போலத்தான் பேசுவேன். பள்ளிக்கூடத்தில் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டால் ஆசிரியை கேட்கவில்லை என்று காதருகே கையைக் குவிப்பார். எனக்கு அந்த நாட்களில் இருந்த ஒரே ஆசை, ஒரு கதவைப் பட்டென்று சாத்த வேண்டும் என்பதுதான். யாரும் விழித்துக்கொள்ளாத, எங்களுக்கே எங்களுக்கான ஒரு கதவை.

அந்தக் கதவு ஒரு செப்டம்பர் மாதக் கடைசியில் வந்தது.

லா சப்பலில் அப்பா வேலை செய்த சாப்பாட்டுக் கடைக்கு ஒரு பெரியவர் தினமும் கோப்பி குடிக்க வருவார். பாண்டிச்சேரிக்காரர், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரைப் பாண்டிச்சேரி ஐயா என்போம். அவர் குடியிருந்த பழைய கட்டடத்தின் பின்முற்றத்தில் ஓடு போட்ட இரண்டு அறைகள் பூட்டிக் கிடந்தன. கட்டடத்தின் சொந்தக்காரி முதலாம் மாடியில் தனியே இருந்தார். அவரை எல்லாரும் மதாம் என்றார்கள், நாங்களும் அப்படியே. அவருடைய கணவர் உயிரோடு இருந்த காலத்தில் படங்களுக்குச் சட்டம் செய்த பட்டறைதான் அந்த அறைகள்.

முதல் நாள் பார்க்கப் போனோம். தெருக் கதவுக்குள் நுழைந்தால் ஒரு இருட்டு நடை, அது முடிகிற இடத்தில் வெளிச்சமாய் ஒரு கல் முற்றம். நடுவில் ஒரு பெரிய மரம். மதாம் தன் படிக்கட்டின் கடைசிப் படியில் ஊன்றுகோலோடு நின்றார். சாம்பல் நிறக் கோட்டு, அதில் கறுப்புப் பொத்தான்கள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு. அவர் நிறையப் பேசினார். எங்களைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தே பேசினார். பாண்டிச்சேரி ஐயா தமிழில் சொன்னார்.

"மதாம் ரெண்டு விஷயம் சொல்றாங்க தம்பி. ஒண்ணு, இந்தக் கூர் பூரா இலை." முற்றத்தை அவர் கூர் என்றுதான் சொல்வார். "போன வருஷம் இந்த இலையில வழுக்கி விழுந்துதான் அவங்களுக்கு இடுப்பு போச்சு. இனிமே அவங்க படியிலேருந்து உங்க கதவு வரைக்கும் ஒரு இலை கிடக்கக் கூடாது. ரெண்டாவது, இப்பவே இங்க தங்கி அறையைச் சரி பண்ணுங்க. நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாப்பாங்க. உள்ளார வந்து கோட்டைக் கழட்டிட்டு உக்கார முடிஞ்சா, வீடு உங்களுக்கு. முடியலையா, சாவியைக் குடுத்துடணும்."

"கோட்டைக் கழட்டினா?" என்று அப்பா கேட்டார்.

"அவ்ளோதான். தன் ஜன்னலுக்குக் கீழ ஒரு குழந்தை குளிர்ல இருமறதைக் கேட்டுக்கிட்டு அவங்களால படுக்க முடியாதாம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் இருமலே இல்லாத பிள்ளை என்று காட்ட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஓம், ஓம்" என்றார் அப்பா. "ஓம் எண்டு சொல்லுங்கோ ஐயா."

"வுய்" என்று ஐயா ஒரே சொல்லில் முடித்தார்.

அறைக்குள் போய்ப் பார்த்தால் ஜன்னலில் பாதிக் கண்ணாடி இல்லை. கூரையில் ஓடு விலகி வானம் தெரிந்தது. மூலையில் ஒரு இரும்பு அடுப்பு, விறகு போட்டு அறையைச் சூடாக்குகிற வகை, துருவேறிக் கிடந்தது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அப்பா என்ன செய்தார் தெரியுமா? கீழே கிடந்த ஒரு பெரிய ஆணியை எடுத்தார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், மதாமின் உயரத்தை மனதால் அளந்து, ஒரு கல்லால் அதை அடித்து இறுக்கினார்.

கூட வந்த சித்தப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணை, கூரையில ஓட்டை, ஜன்னல்ல கண்ணாடி இல்லை. நீங்கள் ஆணி அடிக்கிறியள்!"

"கோட்டை எங்கை கொழுவுறதெண்டு தெரியாமல் மனிசி கழட்டாமல் விட்டிட்டா என்ன செய்யிறது?"

"அதுக்கு முதல் மனிசி நனையாமல் இருக்க வேணுமே!"

அன்றைக்கே நான் கதவைப் பட்டென்று சாத்தினேன். மரத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. யாரும் உஸ் என்று சொல்லவில்லை. மறுபடியும் சாத்தினேன்.

அந்த இலையுதிர்காலம் போல் ஒரு திருவிழாவை நான் பிறகு கண்டதில்லை. அப்பாவுக்குத் திங்கட்கிழமை லீவு, மற்ற நாட்களில் மத்தியானத்துக்கும் இரவுக்கும் இடையே ஓடி வந்து ஏதாவது தட்டிவிட்டுப் போவார். சித்தப்பா ஒரு பெரிய ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். அவருடைய லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. ஆனால் எப்போது வந்தாலும் மூன்று பேருக்குரிய சத்தத்தோடு வருவார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வருவேன், என்ன புதிதாக நடந்திருக்கிறது என்று பார்க்க. ஒரு நாள் ஒரு கண்ணாடி பூட்டியிருக்கும். ஒரு நாள் வானம் தெரிந்த இடத்தில் ஓடு இருக்கும். கிளித் திரைக்குப் பின்னால் எந்த நாளும் எதுவும் புதிதாக நடந்தது இல்லை.

முற்றம் அம்மாவின் பொறுப்பு. விசிறி போல விரிந்த கம்பி வாரி ஒன்றைப் பட்டறையிலேயே கண்டெடுத்தார். கூட்டி முடித்து நிமிர்வார், மரம் ஒரு கை நிறைய இலையைத் திரும்பப் போடும்.

"உதுக்கு வேற வேலை இல்லையே?" என்று மரத்தைப் பார்த்துக் கேட்பார். "ஊரில மாமரம் கூட இப்பிடிப் பழி வாங்காது. பிள்ளை, சாக்கைப் பிடி!"

தெருவில் உள்ள தமிழ்க் கடைகளில் வெறும் அரிசிச் சாக்குகளை வாங்கி வைத்திருந்தோம். நான் சாக்குக்குள் இறங்கி இலையை மிதிப்பேன். பொரிவிளங்காயைக் கடிப்பது போல் ஒரு சத்தம். ஈரமண்ணும் புளித்த தேயிலையும் சேர்ந்தது போல் ஒரு மணம். இடுப்பு வரை இலையில் நின்று கொண்டு நான் பாடினேன், உரத்து. அம்மா என்னை நிறுத்தவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவரும் அத்தனை நாளும் காற்றைப் போலத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

குப்பைக்காரர் ஒரே தடவையில் இவ்வளவையும் எடுக்க மாட்டார் என்று பாண்டிச்சேரி ஐயா சொன்னதால், நிரம்பிய சாக்குகளை முற்றத்து ஓரத் தகரத்துக்குக் கீழே அடுக்கினோம். பார்ப்பவர்களுக்கு அரிசிக் கடைக்குச் சரக்கு வந்து இறங்கியது போல் இருக்கும்.

கூட்டி முடித்தால் அம்மா அதோடு விடமாட்டார். ஒரு வாளியில் தண்ணீர் எடுத்து, கையால் அள்ளி, முற்றம் முழுக்கத் தெளிப்பார். தெளிக்காத முற்றம் கழுவாத முகம் என்பது அவருடைய எண்ணம். பாண்டிச்சேரி ஐயா ஒரு காலையில் ரொட்டிக் கடையில் பாண் வாங்கிக்கொண்டு வரும்போது இதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"வாசல் தெளிக்கிறீங்களாம்மா! நான் சின்னப் பையனா இருந்தப்ப பாத்தது. கோலமும் உண்டா?"

"மா விலை தெரியுமே ஐயா?" என்றார் அம்மா.

அந்த மரத்தில் இருந்து இலை மட்டும் விழவில்லை. முள் உறை வெடித்து, எண்ணெய் பூசிய தேக்குப் போல் மினுங்கும் பழுப்புக் கொட்டைகளும் விழுந்தன. மெத்ரோ வாசலில் ஆட்கள் இரும்புத் தட்டில் கொட்டை சுட்டு விற்பதைச் சித்தப்பா பார்த்திருந்தார்.

"சும்மா விழுந்து கிடக்குது, சனம் வாங்கித் தின்னுது!" என்று ஒரு சட்டி நிறையச் சுட்டார். ஒன்றை உரித்து வாயில் போட்டார். அவர் முகம் போன போக்கை உங்களுக்கு எழுதிக் காட்ட என்னால் முடியாது. ஆனாலும் மானத்தை விடாமல், "கொஞ்சம் கயர்ப்பு. உப்புப் போட்டால் சரி" என்றார். அந்த நேரம் ஐயா வந்திருக்காவிட்டால் உப்பும் போட்டிருப்பார்.

"அடப்பாவி, துப்புப்பா! அது சாப்பிடறது இல்ல, அது வேற மரம்! வயித்தால போயி ஆஸ்பத்திரியில கிடப்ப!"

சித்தப்பா துப்பினார். பிறகு ஒரு வாரம் அவரைக் கண்டால் அம்மா, "தம்பி, கொட்டை ஏதும் சுடட்டே?" என்று கேட்பார். அவர் "அண்ணி, நான் உங்களுக்கு என்ன செய்தனான்?" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

அடுப்பின் புகைக்குழாயைச் சுத்தம் செய்ததும் அவர்தான். கூரையில் ஏறி, நீளக் கம்பில் தும்புத்தடியைக் கட்டி உள்ளே விட்டு இடித்தார். கீழே அப்பா ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வருகுதே?" என்று மேலேயிருந்து கேட்டார் சித்தப்பா. "ஒண்டும் வரேல்லை" என்று சொல்ல அப்பா வாயைத் திறந்தார். வந்தது. ஒரு புறாக்கூடு முழுசாக, அதற்குப் பின்னால் எத்தனையோ குளிர்காலத்துக் கரி. அப்பாவின் கண்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன. நாங்கள் சிரித்த சிரிப்பில் முதலாம் மாடி ஜன்னல் திறந்தது. மதாம் எட்டிப் பார்த்தார். எல்லாரும் சிரிப்பை விழுங்கினோம். ஜன்னல் மூடியது. "கோபம் போல" என்றார் அம்மா. எங்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இதுதான்: ஜன்னல் திறக்கும், ஜன்னல் மூடும்.

கண்ணாடிகளைச் சட்டத்தில் இறுக்க மாவு போன்ற ஒரு பசை உண்டு. நல்லெண்ணெய்க்குத் தூரத்துச் சொந்தம் போல் அதன் மணம். அப்பா அதை உருட்டித் தருவார், நான் ஓரம் முழுக்க விரலால் அமுக்கிப் போவேன். காய்ந்த பிறகும் என் விரல் ரேகை அதில் வடிவாகத் தெரிந்தது. ஜன்னலைச் சுற்றி நானே வரிசையாய் நின்றேன்.

இப்படி நவம்பர் வந்தது. இனி ஒரே ஒரு குறைதான். அடுப்புக்கு எதிர்ச் சுவரில், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக, இரும்புச் சல்லடை போட்ட இரண்டு ஓட்டைகள் இருந்தன. கையை வைத்தால் கத்தி போல் குளிர் வெட்டும். யாழ்ப்பாணத்து வீடுகளில் காற்று வரட்டும் என்று சுவரில் ஓட்டை விடுவது எல்லாருக்கும் தெரியும். காற்று வேண்டாத ஊரில் எதற்கு ஓட்டை?

"ஆர் விசரன் உதைக் கட்டினவன்?" என்றார் அப்பா. மதாம் வருவதற்கு முந்தின நாள், கிளித் திரைச்சீலையைக் கிழித்து இரண்டு ஓட்டைக்குள்ளும் இறுக்கி அடைத்தார். மேலே பட்டியாகப் பிளாஸ்டர் ஒட்டினார். வில்லியே லே பெல்லை விட்டு வரும்போது அந்த வீட்டக்கா எங்களுக்கு ஞாபகமாகத் தந்த திரை அது. கிளிகள் சுவருக்குள் போனது எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

அறை சூடானது. அப்படிச் சூடானது! அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "நாளைக்கு மனிசி கோட்டை மட்டுமில்லை..." என்று சித்தப்பா தொடங்க, அம்மா அகப்பையை எடுத்தார்.

அன்றிரவு அடுப்பு அணையாமல் இருக்க அப்பா நிறைய விறகு போட்டுவிட்டுப் படுத்தார்.

அம்மாவுக்கு விடிய முன்னமே விழிப்பு வந்துவிட்டது. தலை பாரமாக, வாந்தி வருவது போல் இருந்ததாம். தடிமன் பிடிக்கிறதாக்கும் என்று நினைத்திருக்கிறார். வெளியே போனால் சரியாகிவிடும் என்று கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தார். வந்த காற்றில் தலை தெளிந்தது. தெளிந்த தலைக்கு உடனே ஞாபகம் வந்தது, இன்றைக்கு மதாம் வருகிற நாள். வழக்கம் போல் கையால் தெளித்தால் போதுமா? வாளி வாளியாகக் கொண்டு வந்து, மதாமின் படியில் இருந்து எங்கள் கதவு வரை கல்லைக் கழுவி ஊற்றினார்.

அந்த வருடத்து முதல் உறைபனி விழுந்த காலை அது.

என்னை எழுப்பியது அப்பாவின் சத்தம். கோப்பிக் கோப்பையோடு வெளியே கால் வைத்தவர், கோப்பையை விடாமலே முற்றத்தின் அடுத்த பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்.

"இஞ்சேரும்! என்ன செய்து வைச்சிருக்கிறீர்?" என்று இருந்தபடியே கத்தினார்.

நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். கல் முற்றம் முழுவதும் கண்ணாடி. மரம் தலைகீழாக அதற்குள் தெரிந்தது. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா மட்டும் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் கழுவினனான்... வடிவா இருக்கட்டும் எண்டு..."

இடுப்பு உடைந்த மனுசி இலையில் விழுந்ததற்கே இவ்வளவு. இதில் கால் வைத்தால்? வீடு போவது ஒரு பக்கம், ஆளே போய்விடுவார். பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

சித்தப்பா முந்தின இரவு எங்களோடுதான் படுத்திருந்தார். "சின்ன விசயம்!" என்று கேத்தில் நிறையக் கொதி தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினார். ஐஸ் உருகியது. நாங்கள் கைதட்டினோம். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மற்ற இடங்களை விட மினுமினுப்பாக உறைந்தது.

"அடுத்த கேத்திலைக் கொண்டு வந்தாயெண்டால் அடி வாங்குவாய்" என்றார் அப்பா.

சமையல் உப்பு முழுவதையும் போட்டோம். கதவடி மட்டும் கொஞ்சம் இளகியது. அடுப்புச் சாம்பல் ஒரு பாய் அளவுக்கு வந்தது. தெருவில் கடை ஒன்றும் இன்னும் திறக்கவில்லை. மேலே மதாமின் ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. அம்மா அழத் தொடங்கினார்.

இலையைக் கொட்டுவோம் என்று யார் முதலில் சொன்னது என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்று வரை சண்டை உண்டு. தான்தான் என்கிறார் சித்தப்பா. கடைசி வரை தான்தான் என்றார் அப்பா. அடுத்த கணம் எல்லாரும் தகரத்துக்கு ஓடினோம், ஓடினோம் என்றால் வழுக்கினோம். அந்தக் காலம் முழுவதும் மிதித்து மிதித்து நிரப்பிய சாக்குகளை அவிழ்த்துத் தலைகீழாகக் கவிழ்த்தோம். காய்ந்து மொறுமொறுவென்றிருந்த இலைகள் கல்லை மூடிப் பரவின. நான் இரண்டு கைகளாலும் வாரி வாரி எறிந்தேன். அப்பா மிதித்துப் பார்த்தார். வழுக்கவில்லை! சித்தப்பா குதித்துப் பார்த்தார். வழுக்கவில்லை! எங்கள் மூச்சு எல்லாம் வெள்ளைப் புகையாய்ப் போக, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தத்தோடு கடைசிச் சாக்கையும் கொட்டி முடித்தபோது, மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

டக். டக்.

அப்போதுதான் அப்பாவுக்குச் சொல்ல வாய் வந்தது. "ஒரு இலை கூடக் கிடக்கக் கூடாதெண்டெல்லே சொன்னவ."

பாண்டிச்சேரி ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு மதாம் கடைசிப் படியில் வந்து நின்றார். முற்றத்தைப் பார்த்தார். மரத்தில் ஒரு இலை இல்லை. கீழே முழங்கால் வரை இலை. அவர் முகம் வெளுத்தது. படியை விட்டு இறங்கவில்லை. ஊன்றுகோல் நடுங்கியதைப் பார்த்தேன். கோபத்தில் நடுங்குகிறார் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. அது பயம் என்று இப்போது, படி இறங்கும்போது நானே கைப்பிடியைத் தேடுகிற வயதில், எனக்குத் தெரிகிறது.

"தம்பி, என்னப்பா இது?" என்றார் ஐயா. "ஆறு வாரமா கூட்டினது எங்க?"

அப்பா தலையைக் குனிந்தார். அப்போது அம்மா போனார். வந்த நாளில் இருந்து மதாமின் முகத்தைப் பார்த்து ஒரு பொன்ஜூர் கூடச் சொல்லியிராத அம்மா, காலுறைக்கு மேல் செருப்புப் போட்டுக்கொண்டு, சரசரவென்று இலைகளுக்கு நடுவே நடந்து போய் மதாமுக்கு முன்னால் நின்றார். காலால் இலையை விலக்கிக் கீழே இருந்த ஐஸைக் காட்டினார்.

"ஐயா, சொல்லுங்கோ. எங்கட ஊரில பெரியாக்கள் வீட்டை வரேக்கை முற்றம் கழுவித் தெளிக்கிறனாங்கள். அவவுக்கெண்டுதான் ஊத்தினனான். இப்பிடிக் கல்லாப் போகுமெண்டு எனக்குத் தெரியாது. அவ விழக்கூடாதெண்டுதான் இலையைக் கொட்டினது. என்ரை கையைப் பிடிக்கச் சொல்லுங்கோ. நான் விழ விடமாட்டன்."

ஐயா சொன்னார். மதாம் ஐஸைப் பார்த்தார், வெறும் சாக்குகளைப் பார்த்தார், அப்பாவின் காற்சட்டையின் பின்பக்க ஈரத்தைப் பார்த்தார். ஏதோ கேட்டார். ஐயா வாய்விட்டுச் சிரித்தார்.

"எனக்காகத் தண்ணி ஊத்தினீங்களா, நான் என்ன பூச்செடியான்னு கேக்கறாங்க."

பிறகு மதாம் கையை நீட்டினார். அம்மா தன் கையை அதற்குள் கோத்துக்கொண்டார். இருவரும் ஒவ்வொரு அடியாக, இலைகள் நொறுங்க, முற்றத்தைக் கடந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் இரண்டு பக்கமும் கைகளை விரித்தபடி கூடவே நடந்தோம், கோழியை மடக்குகிறவர்கள் போல.

உள்ளே வந்ததும் அடுப்பின் சூடு முகத்தில் பட்டது. அப்பாவின் கண் ஆணிக்குப் போனது. மதாம் முதல் பொத்தானில் கை வைத்தார். நான் மூச்சை நிறுத்தினேன். கை அங்கேயே நின்றுவிட்டது. அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊன்றுகோலைத் தூக்கி, கீழ் ஓட்டையின் பிளாஸ்டரைக் குத்திக் கிழித்து, உள்ளே இருந்த துணியின் நுனியை இழுத்தார். கிளிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மேல் ஓட்டையைக் காட்டி அப்பாவிடம் ஏதோ கத்தினார். ஐயாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அடுப்பு எரியறப்ப இதை மூடினா, உள்ள விஷக்காத்து சேர்ந்து, படுத்தவங்க எந்திரிக்க மாட்டாங்களாம். ஏம்ப்பா, நேத்து ராத்திரி இதோடயா தூங்கினீங்க?"

அம்மா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். அவ்வளவு இறுக்கமாக ஏன் பிடிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அப்பா மேல் ஓட்டையையும் திறந்தார். திறந்ததுதான் தாமதம், குளிர் வாலை நிமிர்த்திய பூனை போல் உள்ளே வந்து எங்கள் கால்களைச் சுற்றியது. எங்கள் சூடெல்லாம் போகிறது. நான் ஓட்டையையும் மதாமையும் மாறி மாறிப் பார்த்தேன். மதாம் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தார்.

"அது எதுக்குன்னு கேக்கறாங்க" என்றார் ஐயா.

"கோட்டுக்கு" என்றார் அப்பா. கையால் காட்டினார்: அது, இதுக்கு.

"முதல் நாளே அடிச்சவர் ஐயா" என்றார் சித்தப்பா. "கூரை போட முன்னமே அடிச்சவர்."

ஐயா அதையும் சொன்னார். மதாம் திரும்பவும் ஆணியைப் பார்த்தார். பிறகு பொத்தான்களைக் கழற்றினார். ஒன்று. இன்னொன்று. எல்லாம். கோட்டைத் தானே கொண்டு போய் அந்த ஆணியில் கொழுவினார். உயரம் அளந்தது போல் சரியாக இருந்தது. கதிரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, "வொய்லா" என்றார்.

அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. சித்தப்பா என்னைத் தூக்கிச் சுழற்றினார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா தேத்தண்ணி வைக்க ஓடினார், சீனியைத் தேடினார், கையில் சீனியை வைத்துக்கொண்டே தேடினார். நான் கதவடிக்குப் போய், கதவைத் திறந்து, மதாம் பார்க்கப் பார்க்க, என் பலம் முழுவதையும் கூட்டிப் பட்டென்று சாத்தினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தேத்தண்ணியை வாங்க அவர் கையை நீட்டியபோது, நான் பக்கத்தில் நின்றேன். அவருடைய சட்டைக் கை முழங்கையோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே கை முழுவதும் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிலிர்த்து, வெள்ளை மயிர்கள் எழுந்து நின்றன. வயதானவர்களின் தோல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் அறையைச் சூடாக்கி வென்றுவிட்டோம் என்றே பல வருடங்களாக எல்லாருக்கும் சொல்லியும் வந்தேன்.

அந்த வீட்டில் நான் கலியாணம் கட்டும் வரை இருந்தோம். இப்போது கட்டடத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். மரம் இல்லை, பட்டறை இல்லை, என் விரல் ரேகை பதிந்த ஜன்னலும் இல்லை. நான் லெ பிளாங்-மெனிலில் இருக்கிறேன். வீட்டுக்கு முன்னால் பாய் விரிக்கிற அளவில் ஒரு முற்றம் உண்டு. போன ஞாயிறு இலையெல்லாம் கூட்டிச் சாக்கில் கட்டினேன். சாக்கை எறியவில்லை, வாசலிலேயே வைத்திருக்கிறேன், தேவைப்படும். சமையலறைச் சல்லடையில் தூசி துடைத்துக் காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தேன். வந்தது, கத்தி மாதிரி. என் கைமயிர்கள் எழுந்து நின்றன. நான் ஸ்வெட்டரைக் கழற்றிக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் கொழுவிவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.